தாமதத்தின் சமன்பாடு

என் அத்தைக்குக் கணிதத்தில் ஒரே ஒரு பாடம்தான் தெரியும். நேர்கோடு. கிராஃப் தாளில் இரண்டு புள்ளி வைத்து, ரூலரை ஒட்டிக் கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்கு ஒரு சமன்பாடு கண்டுபிடிப்பது. பள்ளியில் மற்ற பாடங்கள் நடந்தபோது அவருக்கு அம்மை போட்டிருந்ததா, பஸ் கிடைக்கவில்லையா, அல்லது வெறும் சோம்பலா என்பது எங்கள் குடும்பத்தில் கடைசிவரை தீராத வழக்கு. பள்ளி முடிக்கும் எஸ்பிஎம் தேர்வில் கணிதத்தில் தோற்றார், மறுபடி எழுதினார், மறுபடியும் தோற்றார். ஆனால் நேர்கோட்டுக் கேள்விக்கு மட்டும் இரண்டு தடவையும் முழு மார்க் வாங்கியதாகச் சத்தியம் செய்வார். விடைத்தாளை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை என்பதால் நாங்களும் மறுப்பதற்கில்லை.

அந்த ஒரு பாடத்தை வைத்தே மிச்ச வாழ்க்கையை ஓட்டிவிட்டார். மற்ற பெண்கள் கைப்பையில் குடை வைத்திருப்பார்கள். அத்தையின் பையில் கண்ணாடி ரூலர், மடித்த கிராஃப் தாள், தேர்வுக்குக் கொண்டுபோகும் டூ-பி பென்சில். எங்கேயாவது ஏதாவது இரண்டு தடவை நடந்துவிட்டால் போதும், பையைத் திறந்துவிடுவார்.

"ரெண்டு பாயிண்ட் போதும்லா. மூணாவது கேக்கிறவன் சந்தேகப் பேர்வழி" என்பார்.

வளைகோடுகளை அவர் மதிக்கவே இல்லை. அவை மனத்தில் உறுதி இல்லாதவர்கள் போடும் கோடுகள். பள்ளியில் நான் ஒருமுறை பரவளையம் வரைந்துகொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, போயிட்டுத் திரும்பி வருது? வீட்ல எதையாச்சும் மறந்துட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

அத்தை எங்கள் வீட்டோடுதான் இருந்தார். சுங்கை வேயில், ஃபேக்டரிகளுக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் எங்களுடையது ஒன்று. முன்னறை அவருடையது. நாலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குள் நான் கிடுகிடுவென்று வளர்ந்தேன். அத்தை படுக்கைவாட்டில் என் வயதையும் நெடுவாட்டில் என் உயரத்தையும் வைத்து இரண்டு புள்ளியிட்டுக் கோட்டை நீட்டினார். அதன்படி எனக்கு நாற்பது வயதாகும்போது என் தலை வீட்டுக் கூரையை இடிக்கும். அந்தச் சமயத்தில் அப்பா சமையலறையைப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை கிராஃப் தாளோடு போய் நின்றார். அப்பா தங்கையிடம் வாக்குவாதம் செய்து ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. இன்றும் எங்கள் வீட்டில் சமையலறைக் கூரை மட்டும் மற்ற அறைகளைவிட நல்ல உயரம். காற்றோட்டமாக இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

பதினைந்து வயதில் என் வளர்ச்சி நின்றது. அத்தை என்னைச் சுவரோடு நிறுத்தி அளந்து பார்த்துவிட்டு, "வளைஞ்சிட்டியேடி" என்றார். நான் ஏதோ கெட்ட சகவாசத்தில் விழுந்துவிட்டது மாதிரி இருந்தது அந்தக் குரல்.

பகலில் அவருக்கு ஃபேக்டரியில் வேலை. தொழிலாளர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கவனிக்கும் வேலை. அங்கேதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. செலாயாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண் நேரத்துக்கு வந்துவிடுகிறாள். ஃபேக்டரி சுவரை ஒட்டிய ஹாஸ்டலில் இருப்பவர்கள் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு கடைசியாக ஓடி வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவன் "இதோ இருக்குல்ல" என்று இன்னொரு சட்டை மாற்றுவான். தூரத்தில் இருப்பவன் பயத்தில் விடியும் முன்பே கிளம்பிவிடுவான். தூரம் கூடக்கூடத் தாமதம் குறைகிறது. கோடு மேலிருந்து கீழே இறங்குகிறது. அத்தை மேனேஜரிடம் போய், ஹாஸ்டலைத் தூரமான இடத்துக்கு மாற்றுங்கள், எல்லோரும் நேரத்துக்கு வருவார்கள் என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் சிரித்தார். சில மாதம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக ஹாஸ்டலைக் காலி செய்து தொலைவில் ஓர் இடம் பிடித்தார்கள். கம்பெனி பஸ்ஸில் வந்ததால் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். பஸ்ஸைப் பற்றி அத்தையிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் தாமதம் என்ற விஷயத்தில் மட்டும் அத்தை விளையாடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அத்தையின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. அட்டையில் ஒன்பது என்று போட்டால் பத்துக்குக் குளிக்கப் போவார்கள். தாலி கட்டும்போது ஹாலில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள்தான் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. அத்தையின் சொந்தப் பெரிய அண்ணன், கிள்ளானில் இருக்கிற என் பெரியப்பா, அவரே சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார். கொஞ்ச காலத்தில் மாப்பிள்ளை வேலையிலிருந்து தாமதமாக வர ஆரம்பித்தார். ஒருநாள் ஒரு மணி நேரம். இன்னொரு நாள் இரண்டு மணி. பள்ளியை விட்ட பிறகு அத்தை முதன்முதலாகக் கிராஃப் தாள் வாங்கியது அப்போதுதான்.

"கோட்டைப் போட்டேன். அது போய்க்கிட்டே இருந்துச்சுடி, தாளை விட்டு வெளிய" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அந்த மனிதர் ஒருநாள் வரவே இல்லை. வேறு ஊரில் வேறு குடும்பம் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். யாரும் போய் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்கவில்லை.

"எப்படிக் கேப்பாங்க? தாலி கட்டினதைப் பார்த்தவன் கேப்பான். சாம்பார் சாப்பிட்டவன் எதுக்குக் கேக்கணும்?" என்றார் அத்தை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. விடை சரியாக வந்துவிட்ட கணக்கைப் படித்துக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

அதனால் எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அத்தை ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். சேலை, நகை, சமையல், மேளம் எதிலும் தலையிடமாட்டார். ஆனால் என் கழுத்தில் தாலி ஏறும் நிமிடத்தில் ஹாலில் ஒரு நாற்காலி காலியாக இருக்கக்கூடாது.

"அத்தனை பேரும் கண்ணால பார்க்கணும். நாளைக்கு ஒண்ணுன்னா கேக்க ஆள் வேணும்" என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஹால் பிடித்திருந்தோம். அதே ஹாலில் அதற்குச் சற்று முன் ஓர் உறவுக்காரர் கல்யாணம் நடந்தது. அத்தை வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எல்லோர் மேலும் பன்னீர் தெளித்தார். அங்கே கிடைத்தவைதான் அவருடைய இரண்டு புள்ளிகள். பங்சார் சித்தப்பா வீடு ஹாலிலிருந்து நான்கு கிலோமீட்டர். அவர் எண்பது நிமிடம் தாமதம். கிள்ளான் பெரியப்பா வீடு முப்பத்துநான்கு கிலோமீட்டர். அவர் இருபது நிமிடம்தான் தாமதம்.

மறுநாள் மாலை சாப்பாட்டு மேசையில் கிராஃப் தாளை விரித்தார். படுக்கைவாட்டில் தூரம், நெடுவாட்டில் தாமதம். இரண்டு புள்ளி. ரூலர். கோடு.

"எந்தக் கோட்டுக்கும் ரெண்டு குணம்டி. எவ்வளவு சாயுது, எங்கேருந்து கிளம்புது. மனுசனுக்கும் அதேதான்."

சாய்வை முதலில் எடுத்தார். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் தாமதம் அறுபது நிமிடம் குறைகிறது. ஆகக் கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம். அடுத்தது கோடு கிளம்பும் இடம். பங்சாரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே வந்தால் எண்பதோடு எட்டைச் சேர்க்க வேண்டும். எண்பத்தெட்டு. அதாவது ஹால் வாசலிலேயே பாய் விரித்துப் படுத்திருப்பவன் எண்பத்தெட்டு நிமிடம் தாமதமாக வருவான். y சமம் எண்பத்தெட்டு கழித்தல் இரண்டு x. அதைத் தாளின் மேலே எழுதிச் சுற்றிலும் கட்டம் போட்டார். மஞ்சள் குங்குமம் வைக்காததுதான் பாக்கி.

"செலாயாங் குடும்பத்துக்குப் போட்டுப் பாரு. பதினஞ்சு கிலோமீட்டர். ஐம்பத்தெட்டு நிமிசம். அன்னைக்கு அவங்க எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"ஒரு மணி நேரம் லேட்டா வந்தாங்கத்தை."

"பார்த்தியா!"

"கோடு இன்னும் போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. நாற்பத்துநான்கு கிலோமீட்டருக்கு அப்பால் கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. அங்கிருப்பவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வருவார்கள். ஈப்போ உறவினர்கள் ஐந்து மணி நேரம் முன்னதாக வருவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிற திருச்சி மாமா மூன்றரை நாள் முன்னதாக வருவார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

மருந்து எளிது. எல்லோரும் ஒன்பது மணிக்கு ஹாலில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் தாமதத்தைக் கழித்து ஒரு நேரத்தை அட்டையில் அச்சடித்துவிடலாம். முகூர்த்த நேரத்தை மட்டும் போடக்கூடாது. போட்டால் அவர்களாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார்கள். பங்சாருக்கு ஏழு நாற்பது. கிள்ளானுக்கு எட்டு நாற்பது. ஹாலுக்கு எதிரே ஃபிளாட்டில் இருக்கிற ஆன்டிக்கு ஏழு முப்பத்திரண்டு. ஈப்போக்காரர்களுக்குப் பிற்பகல் இரண்டு பன்னிரண்டு. சுங்கை வேயில் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் ஏழு ஐம்பத்தாறு என்று ஓர் அட்டை வந்தது. என் கல்யாணத்துக்கு எனக்கே அழைப்பு. திருச்சி மாமாவுக்கு மட்டும், கல்யாணம் முடிந்த புதன்கிழமை இரவு என்று அச்சடிக்க வேண்டியிருந்தது. அங்கேதான் அப்பா முதல் தடவையாகக் குரலை உயர்த்தி, மாமாவுக்குத் தானே போன் செய்து ஞாயிறு காலை ஒன்பது என்று சொல்லிவிட்டார்.

அச்சகத்துக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். "அக்கா, ஏழு முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கு. முப்பதுதானே?"

"முப்பத்திரண்டுதான் பொஸ்."

"நல்ல நேரமாக்கா அது?"

"அதைவிட நல்ல நேரம் கிடையாது" என்று அத்தை போனை வைத்தார்.

அட்டைகள் போய்ச் சேர்ந்த வாரமே பெரியப்பா கிள்ளானிலிருந்து வந்து இறங்கினார். கையில் இரண்டு அட்டை. ஒன்று அவருடையது, மற்றது சித்தப்பாவிடமிருந்து பிடுங்கியது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"தம்பிக்கு ஏழு நாப்பது. எனக்கு எட்டு நாப்பது. மூத்தவன் நானா அவனா? சாப்பாட்டுக்கு வந்தா போதும்னு சொல்லாம சொல்றீங்களா?"

"அண்ணே, நீங்க தூரத்துல இருக்கீங்க. அதனால உங்க y சின்னது" என்றார் அத்தை.

"என்னோட என்ன சின்னது?"

அப்பா குறுக்கே விழுந்து தடுத்தார். அத்தை மறுபடி முதலிலிருந்து விளக்கினார். கணக்கில் பெரியப்பாவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. தம்பியைவிடத் தான் ஒழுங்கானவன் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்போ நான் எட்டு நாப்பதுக்கே கரெக்டா வந்துடறேன்."

"ஐயோ, வராதீங்கண்ணே! கணக்கு கெட்டுடும்லா!"

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. திருச்சி மாமா புதன்கிழமை இரவே பெட்டி படுக்கையோடு விமான நிலையத்தில் வந்து நின்றார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் பாசத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. ஏதோ தானே கோடு போட்டு இழுத்து வந்த மாதிரி அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை. எனக்கும் முதல் தடவையாக நம்பிக்கை வந்தது.

ஞாயிறு காலை ஹாலில் நாங்கள் இருந்தோம், நாற்காலிகள் இருந்தன. எட்டு மணிக்கு ஒருவரும் இல்லை. எட்டரைக்கும் இல்லை. அத்தை வாசலில் பச்சைப் பட்டுச் சேலையில் ஆடாமல் நின்றார். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒன்பதேகாலுக்கு வந்தால் போதும் என்று அவரே சொல்லியிருந்தார். நிறைந்த ஹாலுக்குள் மாப்பிள்ளை நுழைய வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒன்பது மணிக்கு வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். பங்சார், செலாயாங், கிள்ளான், ஈப்போ, எதிர் ஃபிளாட் ஆன்டி, அத்தனை பேரும் ஒரே சமயத்தில். நான் அலங்கார அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாலையின் இரண்டு முனையிலிருந்தும் கார்கள் வந்துகொண்டே இருந்தன. அத்தை மேலே ஓடி வந்து என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"பாருடி, பாரு. ஒருத்தர்கூட லேட் இல்ல."

இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் கல்யாணம் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி நடந்ததே இல்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாமல் போயிற்று. நாங்கள் இத்தனை காலமும் முன்னும் பின்னுமாக, ஆற அமர வந்ததால்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் தாங்கியது. முன்னால் வந்தவன் சாப்பிட்டுக் கிளம்பிய இடத்தில் பின்னால் வந்தவன் காரை நிறுத்துவான். அன்றைக்கு எல்லோரும் ஒரே நிமிடத்தில் நிறுத்த வந்தார்கள். கிடைத்த ஓரத்தில் நிறுத்தினார்கள். ஓரத்தில் நின்ற காருக்குப் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தினார்கள். அதற்குப் பக்கத்திலும் நிறுத்தினார்கள். பிறகு எல்லோரும் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலி காலி இல்லை. சாலையில் ஒரு சைக்கிள்கூடப் போக முடியவில்லை.

மாப்பிள்ளையின் கார் முனையில் மாட்டிக்கொண்டது. பூ அலங்காரம் ஜன்னலிலிருந்து தெரிந்தது. எனக்குப் போன் வந்தது.

"உங்க ஹாலைப் பார்க்கிறேன்" என்றார் என் வருங்காலக் கணவர்.

"நானும் உங்க காரைப் பார்க்கிறேன். இறங்கி நடந்து வாங்களேன்."

"அம்மா விடமாட்றாங்க. மாப்பிள்ளை வாசல்லதான் இறங்கணுமாம், ஆரத்தி எடுக்கணுமாம். ரோட்டுல நடந்து போறதுக்கு என் மகன் என்ன கடையில தாப்பாவ் பொட்டலம் வாங்கவா வந்தான்னு கேக்கிறாங்க."

"கதவைத் திறந்து ஓடி வந்துடுங்க."

"லாக் பண்ணிட்டாங்க."

மணி பத்தைத் தொட்டது. ஐயர் வாட்சைப் பார்த்தார், பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார். அப்பா மைக் பிடித்தவரிடம் ஓடினார். அவர் கார் நம்பர்களை வாசிக்க ஆரம்பித்தார். வெள்ளைக் காடி, சில்வர் காடி, வேன், தயவுசெய்து எடுங்கள். முதல் வரிசையில் சிலர் எழுந்தார்கள். அவர்கள் எடுக்கப் பின்னால் நின்றவர்கள் எடுக்க வேண்டியிருந்தது. சித்தப்பா போனார், பெரியப்பா போனார். கணவர்களின் ரிவர்ஸ் மேல் நம்பிக்கை இல்லாத மனைவிகள் கூடவே போனார்கள். கார் இல்லாத ஆண்கள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராஃபிக் போலீஸ் ஆனார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். வீடியோக்காரரும் ரோட்டு ஜாமைப் படம் பிடிக்கப் போய்விட்டார். கடைசியாக நாதஸ்வரக்காரரின் வேன் நம்பரை வாசித்தார்கள். அவர் நாதஸ்வரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். தவில்காரர் மட்டும் மிச்சம்.

வழி கிடைத்தது. எடுத்த கார்கள், வழிகாட்டவும் வேடிக்கை பார்க்கவும் போனவர்களையும் ஏற்றிக்கொண்டு, நிறுத்த மறுபடி இடம் தேடிப் பங்சார் பக்கமெல்லாம் சுற்றப் போய்விட்டன. மாப்பிள்ளை வந்தார், ஆரத்தி நடந்தது, அவர் வீட்டார் மணவறைக்கு ஓட்டமும் நடையுமாகக் கூட்டி வந்து சுற்றி நின்றார்கள். ஐயர் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அத்தை நடுவழியில் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு கல்யாணம், இரண்டு காலி ஹால். அவர் வளர்த்த பெண்தானே நான், என் மனதிலும் கோடு ஓடிவிட்டது. அந்த நிமிடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"கெட்டிமேளம்!" என்றார் ஐயர். தவில் மட்டும் அதிர்ந்தது.

அத்தை ஓடினார். விருந்தாளிகளுக்குக் கொடுக்க வைத்திருந்த அட்சதைத் தாம்பாளத்தை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முதல் வரிசை முதல் நாற்காலியின் முன் நின்று ஒரு பிடி எறிந்தார்.

"இது திருச்சி மாமா!"

அடுத்த நாற்காலி. "இது சின்ன அண்ணன், பங்சார்! இது அண்ணி!" அடுத்தது. "இது செலாயாங் குடும்பம், அஞ்சு பேர்!" ஐந்து பிடி. வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்கு ஓடினார். செருப்பு ஒரு பக்கம் போயிற்று. கொண்டை அவிழ்ந்தது. பின்வரிசைக்குப் போகப்போக அரிசி எங்களை எட்டவில்லை, முன்வரிசை நாற்காலிகளில்தான் விழுந்தது. அத்தை அதற்கெல்லாம் நிற்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு பெயராகக் கூவினார். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் தவில்காரரும் அடித்துக்கொண்டே இருந்தார்.

"உங்க அத்தைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் என் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர்.

"கையை எடுக்காதீங்க. இன்னும் கிள்ளான் வரல" என்றேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பும் வந்தது. எது எதற்கு என்று அப்போது பிரித்துப் பார்க்க நேரம் இல்லை.

கிள்ளானும் வந்தது. ஈப்போவும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கையை எடுக்க விட்டேன்.

விருந்தாளிகள் பதினொரு மணியிலிருந்து ஒவ்வொருவராக, வழக்கம்போல முன்னும் பின்னுமாகத் திரும்பி வந்தார்கள். கடைசியாக வந்தவர் பெரியப்பா. பந்தியில் பாதி இலை எடுத்தாகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தை மூன்றாம் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து ஓர் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தாலி கட்டியாச்சா? யாரு இருந்தா?" என்றார் பெரியப்பா.

"நீங்க இருந்தீங்கண்ணே" என்றார் அத்தை.

"நான் எங்கம்மா இருந்தேன்? காடியை நிறுத்த இடம் தேடிக்கிட்டு..."

"இருந்தீங்க. இந்தா, இந்த நாற்காலி. உங்க கையால அட்சதை போட்டீங்க. நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா நீங்கதான் போய்க் கேக்கணும்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். என் தலையில் ஒட்டியிருந்த மஞ்சள் அரிசியைப் பார்த்தார். நாற்காலிகள் மேல் இறைந்து கிடந்ததைப் பார்த்தார். பிறகு அத்தை காட்டிய நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் அப்படித் தலையைக் குனிந்து நான் பார்த்ததில்லை.

"ஆமா. இதுக்கு நான் இருந்தேன்" என்றார். பிறகு அத்தை பக்கம் திரும்பினார். "உன்னோடதுக்குத்தான் இல்லாமப் போயிட்டேன்."

அத்தை விசிறுவதை நிறுத்தினார். எங்கேயோ ஒரு பிள்ளை பாயசம் கேட்டு அழுதுகொண்டிருந்தது. அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"போய்ப் பசியாறுங்கண்ணே" என்றார். "நான் இலை போடச் சொல்றேன்."